உப்பில்லாத பொருத்தனை

“…அதுக்கில்லக்கா, நாக்குல ஒரே ஒரு கல்லு வெச்சாப் போதும், எழுந்து உக்காந்துடுவேன். கர்த்தர் அதுக்கா கோவிச்சுக்கப் போறாரு?”

கேட்டவள் கிருபை, என் தம்பி தேவசகாயத்தின் மனைவி. கேட்டது ஒரு கல் உப்பு. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் மூன்றாம் புதன்கிழமை அது. நான் கொடுக்கவில்லை.

பிரியமானவர்களே, கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்தே அவள் உருகிக்கொண்டிருந்தாள். தலை வாரவே நடுவில் ஒரு தரம் உட்காருவாள். கம்பளியைப் போர்த்தினாலும் குளிர் என்பாள். விரல் முட்டிகள் கறுத்தன, ஈறு கறுத்தது. அடுப்புப் புகை என்று நான் சொன்னேன். வைத்தியம் பார்த்த டாக்டர், கழுத்துச் சுரப்பி மந்தம் என்று சொல்லி, ஆட்டின் சுரப்பியைக் காயவைத்துச் செய்த மாத்திரை கொடுத்தார். நாலைந்து நாள் அவள் சுறுசுறுப்பாக நடமாடினாள். ஸ்தோத்திரம் என்றேன். பிறகு வாந்தி. எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு கையில் மருந்து, மறு கையில் பொருத்தனை. கிருபை பிழைக்க வேண்டும், ஆகையால் ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் உப்பே கிடையாது என்று நான் பொருத்தனை பண்ணினேன். உப்பு ஜாடியை என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லவும் செய்தேன். பெருமைதான், வேறென்ன.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். என் தம்பியோ, “அக்கா, உங்க கஞ்சியை ஜட்காக் குதிரைக்கு வெச்சா அதுவும் சபையை விட்டுப் போயிடும்” என்றான். பால் ஊற்ற வரும் கௌரம்மா கூட, “தாயிகிந்த பந்துவில்ல, உப்பிகிந்த ருசியில்ல” என்றாள். தாயை விட உறவில்லை, உப்பை விட ருசியில்லை என்று அவர்கள் கன்னடத்தில் சொல்வது. எல்லோருக்கும் சிரித்துவைத்தேன். கிருபை கேட்டபோது மட்டும் சிரிக்கவில்லை. “இது சாத்தான் காட்டுற ஆசைடி, ஜெபம் பண்ணு” என்றேன்.

சனிக்கிழமை காலை குழாயடியில் விழுந்தாள். கை ஐஸ் மாதிரி இருந்தது. நாடி தேடித்தான் கிடைத்தது. அல்சூர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் ஜட்காவில் அவள் தலை என் மடியில். அதுவரைக்கும் நான் பண்ணின ஜெபமெல்லாம் கட்டளை மாதிரிதான் இருந்தது. அன்றைக்குத்தான், “ஆண்டவரே, எங்கே தப்பு? காட்டும்” என்று கேட்டேன்.

பதில் ஒரு கேள்வியாக வந்தது. ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவள் உதட்டைத் திருப்பி ஈறைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “இவ உப்பு கேட்டாளா?”

தம்பிதான் சொன்னான்: “தினம் கேட்டா, டாக்டரம்மா. நாங்கதான் குடுக்கல.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே சொன்னார். “கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி ரெண்டு சின்னச் சுரப்பி இருக்கும்மா. இவளுக்கு அது சோர்ந்து போச்சு. அதனாலதான் ஈறு கறுத்துச்சு, உடம்புல உப்பு நிக்கல. அலுப்பும் குளிரும் கழுத்துச் சுரப்பி மந்தமானாலும் வரும், அதுல ஏமாந்துட்டாங்க. கழுத்து மாத்திரை உடம்பை வேகமா ஓட்டும். ஓடுறதுக்குத் தெம்பு குடுக்க வேண்டிய சுரப்பியோ படுத்துக் கிடக்கு. தீனி இல்லாத மாட்டைச் சாட்டையால அடிச்ச கதை. முதல்ல இது நிமிரட்டும். கழுத்தைப் பத்தி அப்புறம் பாக்கலாம்.”

மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். மாட்டுச் சுரப்பியிலிருந்து எடுத்த ஊசி மருந்து பம்பாயிலிருந்து ரயிலில் வந்தது. அது வரும்வரை உப்புத் தண்ணீர்தான் அவளைப் பிடித்துவைத்தது. மூன்றாம் நாள் கண் திறந்தாள்.

முழுச் சுகம் என்று நான் பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் எங்கள் வீட்டில் அடுப்பெரியாது. மருந்து எப்போதும் கிடைக்கும் என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையும் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு எழுகிறேன், ஸ்தோத்திரம் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் படுத்திருக்கலாம். விசுவாசித்துக் கேளுங்கள், அவர் பதில் தருவார். கேட்ட பிறகு கொஞ்சம் வாயை மூடிக் காத்திருங்கள். படுத்திருக்கிறவர் சொல்வதையும் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

நாலாம் நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, “கிருபை, உன்னைக் கொல்லப் பாத்தேனேம்மா, மன்னிச்சுடு” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, கையை ஊன்றி, மூச்சு வாங்க வாங்கச் சுவரோரமாக நகர்ந்து, அந்தக் குறுகிய கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.