குளிர்காலத்தில் கிரீஸ் போன அம்மா

மும்பை மாட்டுங்காவில் நான் நடத்தும் டிராவல் ஆபீசுக்குத் தாராவியிலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்தே பேசும் பழக்கம். கப்பலில் வேலை பார்த்த மகன் கிரீஸ் அருகே கடலில் விழுந்து இறந்துவிட்டான். அவன் உடலைக் கரைசேர்த்த மீனவரை நேரில் பார்க்க வேண்டுமாம்.

ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா, அந்த மீனவர் இருக்கும் தீவுக்குப் போகும் படகு எல்லாவற்றையும் விளக்கினேன்.

“குளிர்காலத்துல காத்தடிச்சா படகை நிறுத்திருவாங்க. ஏப்ரல்ல போங்கம்மா.”

“அந்தப் பெரியவருக்கு ரொம்ப வயசாயிட்டு தம்பி. இப்பமே போகணும். அவுக பாஷைல நன்றின்னு எப்படிச் சொல்லணும்?”

“எஃப்ஹரிஸ்தோ.”

நாக்கில் சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். அதுவரை விமானமே ஏறாதவர், தனியாகவே போனார்.

திரும்பியதும் ஆபீசுக்கு வந்தார். “அவர் என்னம்மா சொன்னார்?” என்று கேட்டேன்.

“அத ஏன் கேக்கீங்க தம்பி. என்னையப் பாத்ததும் ஓன்னு அழுதுட்டாரு. நான்தான் கையப் பிடிச்சுத் தேத்திட்டு வந்தேன்.”

பிள்ளையைப் பறிகொடுத்தவர், இன்னொருவரைத் தேற்றத்தான் அத்தனை தூரம் போனாரோ என்று இன்றும் வியந்துகொண்டிருக்கிறேன்.