கரி வண்டி நின்ற ஷெட்

ஷேக் பரீதுக்கு வேலையை மட்டும் முடித்துவிட்டுப் போகத் தெரியாது. தாராவியில் மோட்டார் பட்டறை. மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தில் குழாய் ஒழுகினாலும் அவர்தான். பிரசங்கம் இலவசம். “குழாயை நெரிச்சு மூடாதீங்கம்மா, உள்ள தோல் வாஷர் நைஞ்சு போவும். ரேடியேட்டர் கொதிக்கும்போது மூடியத் தொறக்காதீங்க, மூஞ்சி வெந்துரும்.” அப்பப்பா, ஒரே தொணதொணப்பு! தலையை ஆட்டிவிட்டு மறந்துவிடுவோம்.

சண்டைக் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கீழ்வீட்டு அனந்தநாராயணன் காரின் பின்னால் கரி எரிக்கும் தொட்டியைப் பொருத்தி, கரிப்புகையில் ஓட வைத்தவர் பரீத்தான். அன்று அவர் குரல் தணிந்திருந்தது. “வண்டி நின்னாலும் கங்கு அணையாது சார். அந்தக் கரிப்புகை வாடையே இல்லாம ஆளைக் கொன்னுரும். ஷெட் கதவைச் சாத்தவே கூடாது, சொல்லிட்டேன்.”

அனந்தநாராயணன் கதவைத் திறந்தே வைப்பார். ஆனால் ஏன் என்று வீட்டுப் பெண்களிடம் சொல்லவில்லை. மோட்டார் சமாச்சாரம் பொம்மனாட்டிகளுக்கு எதற்கு என்ற எண்ணம். என்ன புத்தியோ!

அந்தச் சின்ன வீட்டில் மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி உட்கார இடமில்லை. அவர் மனைவி ருக்கு பாயும் சொம்புமாக ஷெட்டுக்குத்தான் போவாள். பகலில் வண்டி ஆபீசில் நிற்கும், அந்த ராத்திரிகளில் அவர் அதை வெளியே நிறுத்துவார் என்பதால் தொந்தரவில்லை. ருக்கு ஷெட்டில் படுத்திருந்த ஒரு மழை நாளில் அவர் காய்ச்சலோடு மத்தியானமே திரும்பி, வண்டியை உள்ளே விட்டுவிட்டு வந்து படுத்துவிட்டார். சாரல் அடித்தது. அவர் அம்மா வாலாம்பாள், தூங்கும் மருமகள் நனையக்கூடாதே என்று போய்க் கதவைச் சாத்தினாள். ருக்கு மேல் அவளுக்கு உயிர்.

சற்றைக்கெல்லாம் சமையலறைக் குழாயைப் பார்க்கப் பரீத் வந்தார். ஜன்னல் வழியே பார்த்தவர் முகம் மாறியது.

“சார் வீட்லதான் இருக்காரு, வண்டி நிக்கிற ஷெட்டு சாத்திக் கெடக்கே. உள்ள யாரும் இல்லியேம்மா?”

வாலாம்பாளுக்குக் கூச்சம். வேற்று ஆண்பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? “ஒருத்தரும் இல்லை. நீங்க குழாயைப் பாருங்கோ.”

அவர் நம்பினார். நிதானமாக வாஷரை மாற்றினார். கையைத் துடைத்துக்கொண்டு, “போற வழியில ஷெட்டைத் தொறந்து போட்டுட்டுப் போறேன்” என்றார்.

“ஐயோ, வேண்டாம்! அங்கே போகாதேங்கோ!”

“ஏன்? யாரும்மா உள்ள?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “ருக்கு.”

அவர் போட்ட கூச்சலில் நாங்கள் மாடியிலிருந்து ஓடி வந்தோம். ருக்குவை வெளியே தூக்கிப் போட்டு மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் அழுத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

தீட்டையெல்லாம் மறந்து வாலாம்பாள் சேற்றில் உட்கார்ந்து அவளை மடியில் அள்ளிக்கொண்டாள். “நன்னாத்தானே இருக்கா? கன்னமெல்லாம் எப்படிச் செவந்திருக்கு, பாருங்கோ!”

“அது கரிப்புகை ஏறின செவப்பும்மா” என்றார் பரீத்.