இலங்கைக்கு ஒரு விலை

என் தங்கை சுமதி வேலைக்காகக் கத்தாருக்குப் புறப்பட இருந்தாள். அதற்கு முன் இருவரும் சேர்ந்து விளையாட ஒரு வீடியோ கேம் வாங்க ஆசைப்பட்டோம். இணையக் கடையில் பார்த்தால், இந்தியாவில் இருப்பவர்களுக்கு உள்ள விலையைப் போல இலங்கையில் இருக்கும் எங்களுக்கு இரண்டு மடங்கு. அதற்கு மேல் வரி வேறு. ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்யும் எனக்கு அது பெரிய தொகை.

"அக்கா, இந்தியாவுல இருக்கோம்னு அக்கவுண்ட மாத்திடலாம். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க," என்றாள் சுமதி.

"பொய் சொல்லி வாங்க மாட்டேன். கேட்டுப் பாக்குறேன்."

"யாருகிட்ட?"

"கேம செஞ்சவங்ககிட்டதான்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. விடாமல் மறுபடியும் எழுதினேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மாவின் நாள் சம்பளத்தையும் அதில் சொன்னேன். கெஞ்சவில்லை, எங்களுக்கு மட்டும் ஏன் இந்த விலை என்றுதான் கேட்டேன்.

சுமதி பெட்டி கட்டிக்கொண்டிருந்த மாலையில் பதில் வந்தது. போலந்தில் ஒரு பெண், தனியாளாக அந்த விளையாட்டை உருவாக்கியவர், எழுதியிருந்தார்: "உங்கள் நாட்டுக்கென்று ஒரு விலையை நான் யோசிக்கவே இல்லை. கடை தானாக வைத்தது அது. மன்னியுங்கள், இன்று மாற்றிவிட்டேன்."

"மெய்யாவா?" என்று சுமதி போனைப் பிடுங்கினாள். விலை பாதியாகியிருந்தது. வரி குறையவில்லை; அதையும் சேர்த்துக் கட்டினேன்.

கத்தாரிலிருந்து அவள் இன்றும் என்னோடு விளையாடுகிறாள். இந்த நாட்டில் யார் யாரோ அதைக் குறைந்த விலைக்கு வாங்குகிறார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. ஆனால் நமக்கு இவ்வளவுதான் என்று யாராவது சொன்னால், இப்போதெல்லாம் நான் ஒரு தடவை கேட்காமல் விடுவதில்லை.