அப்பா பாதியில் எழுந்துபோன கதை

கனடாவுக்கு வந்து எட்டு மாதம் இருக்கும். எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு எந்நேரமும் நித்திரைக் கலக்கம். இரவில் உணவகமொன்றில் கோப்பை கழுவிவிட்டு, பகலில் ஆங்கில வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்திருக்கப் பாடுபடுவார். ஊரில் கணித ஆசிரியராக இருந்தவர். திங்கட்கிழமை ஆங்கிலச் சோதனை. தேறினால் கல்லூரியில் சேரலாம், பிறகு கோப்பை கழுவத் தேவையில்லை.

சனிக்கிழமை மோர்னிங்சைட் பக்கத்து நூலகத்தில் கதையும் இசையும் இலவசம் என்று விளம்பரம் பார்த்தார். ஆங்கிலம் கேட்டுப் பழகலாமென்று, நித்திரையை விட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பஸ் பிந்திவிட்டது. நாங்கள் நுழையும்போது கதை தொடங்கியிருந்தது.

தொப்பி போட்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் கொஞ்ச நேரம் பிடில் வாசித்தார், கொஞ்ச நேரம் கதை சொன்னார். திடீரென்று தொப்பியைத் தூக்கி, கண்ணுக்குத் தெரியாத யாருக்கோ வணக்கம் வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை என்பது வேறு விஷயம். பள்ளிக்கூடத்திலும் நான் அப்படித்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்பா முன்னுக்குச் சாய்ந்து கிழவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு உது விளங்குதோ?"

"ஓம்."

"எல்லாமோ?"

"ஓம் அப்பா."

 கதை முடியுமுன்பே எழுந்து கோட்டைப் போட்டார்.

வாசலில் தந்த துண்டுப்பிரசுரத்தை பஸ்சில் எழுத்துக்கூட்டி வாசித்தேன். கேட்டு விளங்காத ஆங்கிலம் வாசித்தால் எனக்குக் கொஞ்சம் விளங்கும். அப்பா ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். விளங்கிய அளவில், கிழவர் முதலில் மாங்ஸ் மொழியில் சொல்வாராம், அதன் பிறகுதான் ஆங்கிலத்தில். அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவிலுள்ள மாண் தீவின் மொழி. அங்கே ஒரு பாலத்தைக் கடப்பவர்கள் குட்டித் தேவதைகளுக்கு வணக்கம் சொல்லவேண்டுமாம். ஆங்கிலம்தான் சோறு போடும் என்று பெற்றோர் பிள்ளைகளோடு மாங்ஸ் பேசுவதை விட்டுவிட்டார்களாம்.

நாங்கள் கேட்டது ஆங்கிலமே இல்லை என்று அப்பாவை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பொய் பிடிபட்டுவிடும். தாளை மடித்து ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அப்பா சோதனைக்குப் போகவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சோபாவில் படுத்திருந்தார். ஏன் போகவில்லை என்று அம்மா கேட்டார்.

"எனக்கு இனி உது ஏறாதப்பா. பிள்ளைக்கு எல்லாம் விளங்குது. அது காணும்."

அப்பா என்னைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்கச் சந்தோஷமாகத் திரிந்தேன்.