வெட்டி எறிந்த வெள்ளை ஓரம்

பினாங்கின் கெலுகோரில் வசிக்கும் தோழி ஒருவர், என்னைப் போலவே ஜப்பானிய மர அச்சுப் படங்களைச் சேர்ப்பவர், சென்ற வாரம் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மழை பெய்யும் ஏரி, ஒற்றைப் படகு, கரையில் விளக்கெரியும் ஒரு சன்னல். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சான அக்காட்சியின் மற்றொரு படி, முப்பது ஆண்டுகளாக என் கூடத்தில் தொங்குகிறது. “அண்ணே, உங்க படத்தோட இடது ஓரத்தக் கொஞ்சம் ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. யாரு அச்சடிச்சதுன்னு பாத்துடலாம்” என்று குரற்பதிவும் வந்தது. எளிய வேண்டுகோள்தான். ஆனால், என் படத்துக்கு ஓரம் கிடையாது.

அதைக் கேட்டதும் எனக்கு நினைவுவந்தது ஜப்பான் அல்ல. புளித்த மைதாப் பசையின் வாசனை.

படம் வாங்கிய காலத்தில் துறைமுகத்தருகே ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஞாயிறுதோறும் பழைய சாமான் சந்தையில் அலைவது வழக்கம். நின்றுபோன கடிகாரங்களுக்கு அடியிலிருந்து கடைக்காரர் காதர் பாய் இந்தப் படத்தை உருவி எடுத்தார். “ஜப்பான்காரன் படம் லா தம்பி. சுவத்துல மாட்டுனா ரூம்பே குளுந்துடும், ஏர்கோன் வேணாம்.” அதனினும் செறிவான கலைவிமரிசனத்தை நான் இன்றுவரை படித்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை, கடைத்தெருவில் சண்முகம் அண்ணனிடம் சட்டம் போடக் கொடுத்தேன். அவர் கைக்கு வருபவை பெரும்பாலும் நாட்காட்டியிலிருந்து பிரித்த சாமி படங்கள். முருகன் காலடியில் நகைக்கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். அவற்றோடு சேர்த்து யாரும் கும்பிடுவதில்லை. ஆகவே, ஓரத்தை வெட்டுவதே அவருடைய முதல் வேலை, யாரையும் கேட்கமாட்டார். என்னை மட்டும் கேட்டார். “ஓரத்துல என்னமோ எழுதிருக்கே தம்பி, வேணுமா?”

“கடை விளம்பரமா இருக்கும்ணே. வெட்டிடுங்க.”

இருபத்து நான்கு வயதில் எனக்குச் சந்தேகங்கள் குறைவு. அவர் இரும்பு அளவுகோலை வைத்துக் கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தார். பினாங்கின் ஈரத்தில் தாள் சுருங்காதிருக்க, ஒட்டுப்பலகையில் பசை தடவி ஒட்டினார். நான் அருகில் நின்று மெச்சினேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, நூலகத்தில் ஒரு புத்தகம் உண்மையைச் சொன்னது. ஓவியர் படத்துக்குள்ளேயே கையெழுத்திடுவார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி மரக்கட்டை செதுக்கியவருக்கும், அவற்றைத் தாளில் ஒற்றி, ஏரியின் நீலத்தை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மெல்ல வெளிறச்செய்த அச்சாளருக்கும் இப்படத்தில் பெயர் பொறிக்க ஓரமே இடம். ஒரே காட்சியைப் பிற்காலத்தில் வேறு கைகளும் அச்சிட்டதுண்டு. பிறர் படியின் ஓரம் என் படிக்குச் சாட்சியாகாது.

அன்று மாலையே கடைக்கு ஓடினேன்.

“ரெண்டு வருசம் கழிச்சு வந்து துண்டு கேக்குற. நீ என்ன ஆளுப்பா!” என்று சிரித்தார் சண்முகம் அண்ணன். பிறகு யோசித்தார். நல்ல தாளை அவர் வீசுவதில்லை. சட்டத்துக்கும் படத்துக்கும் இடையே சந்து விழுந்தால் மடித்துச் செருகி அடைப்பார். “அந்தப் பேப்பர் கிழியவே கிழியாது, துணி மாதிரி. ஒரு லட்சுமி படத்துல வச்சேன், நல்லா நெனவிருக்கு.”

“எந்த வீட்டு லட்சுமி?”

“தீபாவளி மாசம் லா தம்பி. எத்தனை லட்சுமி போயிருக்கும்!”

அவரிடம் சட்டம் போட்ட வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் இருந்த என் அண்ணி மட்டும் தம் வீட்டு லட்சுமியின் பின்பலகையைக் கழற்ற அனுமதித்தார். உள்ளே சிகரெட்டு அட்டை இருந்தது. “சாமி படத்த இப்படிச் சோதனை போட்ட மொத ஆளு நீங்கதான், கஸ்டம்ஸ்ல சேந்துடுங்க” என்றார். அத்தோடு தேடலை நிறுத்தினேன்.

தோழிக்கு ஓரமற்ற படத்தையே எடுத்து அனுப்பினேன். “ஐயோ அண்ணே” என்று மட்டும் பதில் வந்தது.

சண்முகம் அண்ணன் இப்போது இல்லை. அவர் கடையில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காப்பி விற்கிறார்கள். வாடகை ஏறிப் பழைய வீடுகள் காலியானபோது, சாமி படங்களைக் குப்பையில் போட மனமில்லாதவர்கள் கோயில் அரசமரத்தடியில் சாய்த்துவிட்டுப் போனார்கள். அவற்றையும் யாரோ அள்ளிச் சென்றார்கள். செதுக்கியவரின் பெயரும் அச்சாளரின் பெயரும் என் அறையில் இருந்தது ஆறு நாட்கள். அந்த ஆறு நாட்களில், அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரிடமும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.