ஐந்து என்று திருத்தச் சொன்னவர்

செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளையில் கரியாலூரிலிருந்து விடுதிக் காப்பாளர் அழைத்தார். "சார், நம்ம சின்னப்பொண்ணம்மா பூட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க. கீழ எறக்கறதுக்குள்ள..." அதன்பின் என்னால் பாடத்தைத் தொடர முடியவில்லை.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சின்னப்பொண்ணு அவர்கள் கல்வராயன் மலையில் ஒரு மாணவர் விடுதியின் சமையலராக இருந்தவர். வகுப்பறையில் உட்கார்ந்து படித்தது மூன்றாவது வரைதான். எட்டு, பத்து, பன்னிரண்டு எல்லாமே தனித்தேர்வராக எழுதியவை. ஒவ்வொரு முறையும் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சி மையத்தில், மகள் வயதுப் பெண்களுக்கு நடுவே எழுதினார். பட்டம் அஞ்சல்வழியில் பெற்றார்.

நான் அப்போது மலைப்பள்ளியில் வரலாற்று ஆசிரியன். என்னை அங்கே மாற்றியவர்களை இன்றுவரை மன்னிக்கவில்லை. எல்லாத் தேர்விலும் முதல் வகுப்பு வாங்கிய என்னை ஆய்வுப் படிப்புக்கு இருமுறை நிராகரித்த டெல்லிப் பல்கலைக்கழகத்தையும் மன்னிக்கவில்லை. அதே இடத்துக்கு முதுகலை வரலாறு படிக்க விண்ணப்பிக்கிறேன் என்று நாற்பத்தொரு வயதில் அவர் வந்து நின்றார்.

"டெல்லில போய் யாருக்கு சாம்பார் ஊத்தப் போறீங்க?" என்றேன்.

"அங்க சப்பாத்தியாம் சார். அதையும் கத்துக்கினேன்" என்று சிரித்தார்.

விண்ணப்பத்தோடு ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். தனித்தேர்வருக்கு ஆசிரியர் ஏது? என்னிடம் கேட்டார். மறுநாள் கடைசி நாள். கடிதம் இல்லாவிட்டால் விண்ணப்பம் போகாது. மறுத்திருந்தால் அதிலாவது நேர்மை இருந்திருக்கும். எழுதிக் கொடுத்தேன். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் நான்கு முறை தோற்றார், ஆங்கிலத்தில் இரண்டு முறை தோற்றார், சமையல் வேலை பார்க்கிறார். பாராட்டாக ஒரு சொல்கூட இல்லை. அது அவருடைய வாய்ப்பைக் கெடுக்கும் என்று தெரிந்தேதான் கையெழுத்திட்டேன்.

அரைமணியில் கடிதத்தோடு திரும்பி வந்தார். படித்துவிட்டது முகத்தில் தெரிந்தது. சண்டைக்குத் தயாரானேன்.

"சார், ஒரு எடத்துல தப்பா கீது."

"இன்னா தப்பு?"

"கணக்குல நாலு தபான்னு போட்டுக்கிறீங்க. அஞ்சு தபா சார். ஒருக்கா மழையில பஸ்சு வர்ல, ஆப்சென்ட். அதுக்கும் மார்க் ஷீட்டு கீது."

"கம்மியா இருந்தா உங்களுக்குத்தானே நல்லது?"

"எல்லா ஷீட்டயும் வெச்சுத்தான் அனுப்பறேன். அங்க எண்ணிப் பாத்தா உங்க பேரு கெடும் சார்."

நான்கை அடித்து ஐந்தாக்கி, ஓரத்தில் கையெழுத்திட்டேன். தன்னைக் கவிழ்க்க எழுதிய கடிதத்தில், எழுதியவனின் பெயரைக் காப்பாற்ற ஒருவர் மெனக்கெடுவதை அதற்குமுன் நான் கண்டதில்லை. படித்தவர்களிடம் நிச்சயம் கண்டதில்லை.

இடம் கிடைத்தது. நேர்முகத்தில் அந்த ஐந்து முறையைப் பற்றியே கேட்டார்களாம். "எல்லாத்தையும் சொன்னேன் சார், டீ குடுத்தாங்க" என்றார் தொலைபேசியில். முதுகலை முடித்து, எனக்குக் கிடைக்காத அந்த ஆய்வுப் படிப்பிலும் சேர்ந்தார். அதன் களப்பணிக்காக வந்திருந்தபோதுதான் மலையிலேயே உயிர் பிரிந்தது.

அடக்கத்தன்று நான் பின்வரிசையில் நின்றேன். அவருடைய தங்கை என்னைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தை விலக்கினார். "வழி உடுங்க. எங்க அக்காவோட வாத்தியாரு வந்துக்கிறாரு."

ஓர் எழுத்துகூடக் கற்றுத்தராத நான், உறவினர்களுக்கு அடுத்தபடியாக, ஆசிரியருக்கென்று ஒதுக்கிய இடத்தில் நின்று ஒரு பிடி மண் போட்டேன்.

சென்று வாருங்கள், அம்மா.