கழுத்தளவு

எங்கள் தெருவில் முதல் பட்டதாரி நான். அதனால் ஊர்த் தீயணைப்புத் தொண்டர் குழுவின் ஐம்பதாண்டு வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பட்டம் வாங்கியவனுக்குப் பிறர் காயத்தைக் கிளற உரிமை உண்டா என்று யோசித்துக்கொண்டேதான் குழுச் செயலாளரான தையல்காரரைப் பார்க்கப் போனேன்.

சட்டைக்கு அளவெடுக்கும்போது அவர் நாடாவைக் கழுத்தில் சுற்றி, "உள்ளேன்னு சொல்லுங்க" என்பார். அளவெடுக்கிறாரா, அட்டெண்டன்ஸ் எடுக்கிறாரா என்று இளவட்டங்கள் கேலி பேசுவோம். பெரியவர்கள் சிரிப்பதில்லை.

அன்றுதான் காரணத்தைச் சொன்னார். நான் பிறப்பதற்கு முந்தைய வருடம், உச்சிவெயிலில் மர அறுவை மில் பற்றி எரிந்தது. அணைக்கப் போன குழு வெளியேறியதும் இவர் வாசலில் நின்று பெயர்களை வாசித்தார். குழுவில் இருந்த ரம்பக்காரர் பெயருக்கும், வாசல்வரை மூடியிருந்த புகைக்குள்ளிருந்து பதில் வந்தது. யாரும் தேடவில்லை. மறுநாள்தான் உடல் கிடைத்தது.

"கூட்டத்துக்கு வராதவனுக்குப் பக்கத்துல இருக்கறவன் 'உள்ளேன்' சொல்றது எங்க வழக்கம். அன்னைக்கும் யாரோ சொல்லியிருக்கணும். இல்லைன்னா அவனேதான் 'உள்ளே'ன்னு கத்தியிருக்கணும். நான்தான் தப்பாக் கேட்டுட்டு, அவனை விட்டுட்டு வந்திருக்கணும்."

எதுவென்று தெரியாமல் இருபத்துநாலு வருடமாகக் கழுத்து கழுத்தாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் கழுத்திலும் நாடா விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லு."

"உள்ளேன்."

நாடா இறுகியது. எனக்கு மூச்சு முட்டியது.

"இந்தக் குரல்தான்" என்றார் மெதுவாக.

"அப்ப நான் பிறக்கவே இல்லையே, அண்ணாச்சி."

"உங்கப்பா சட்டை எங்க எடுக்கறாரு?"

"டவுன்ல. எப்பவும் ரெடிமேட்தான்."

அவர் கண்ணைத் திறந்தார். நாடாவை உருவிக்கொண்டார்.

அப்பாவும் அந்தக் காலத்தில் குழுவில் இருந்தவர்தான். வீட்டுக்கு வந்து, அன்று 'உள்ளேன்' சொன்னது அவரா என்று கேட்டேன். முகம் துடைத்துக்கொண்டிருந்தவர் துண்டை எடுக்கவே இல்லை.

"பழக்கதோஷம்டா" என்றது துண்டுக்குள்ளிருந்து என் குரல்.

பிறகு துண்டைக் கொடியில் போட்டார். செருப்பை மாட்டினார்.

"எங்கப்பா போறீங்க?"

"சட்டைக்கு அளவு கொடுத்துட்டு வரேன்."